ஏழுக்கு ஒன்று

கோயம்புத்தூரில் ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள்
ஏழு துண்டுச்சீட்டு போட்டுக் குலுக்கினோம்.
நான்கு வந்தது.
அவ்வளவுதான், மலை முடிவாகிவிட்டது:
நான்கு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து...
சேரம்பாடிக்கு மேலே எஸ்டேட் லைனில்
அறுபத்து மூன்று கதவுகள்.
ஒன்பதை மட்டும் தட்ட வேண்டும்.
நடுவில் சிரிக்கும் கதவைத் தட்டக் கூடாது,
டீ நீட்டும் கதவையும்.
கிடைத்தவரைக் கேட்பது ஆய்வல்ல, அரட்டை
என்பார் பேராசிரியர் அம்பலவாணன்.

கேள்வி இருபது. எல்லாம் தனிமை பற்றி.
ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று.
எப்போதும் என்றால் ஐந்து.

நான்கில் செபமாலை
மண்டபம் முகாமில் கப்பல் விட்டிறங்கிய தேதியைக்
கேட்காமலே சொன்னார்.
அதற்குக் கட்டமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

பதினொன்றில், ஃபாக்டரி ஷிப்ட் முடிந்த கையோடு
ஷூகூடக் கழற்றாமல் கருப்பண்ணராஜ்:
"எல்லாத்துக்கும் மூணு போட்டுக்குங்க டீச்சர்."
உள்ளிருந்து அவர் மனைவி "அஞ்சு" என்றாள்.
அவளை எழுத முடியாது.
ஒரு வீட்டுக்கு ஒருவர்;
அடுத்து யாருக்குப் பிறந்தநாளோ அவர்.
அவள் பிறந்தநாள் அவளுக்கே தெரியவில்லை.

பதினெட்டு இல்லை.
போன ஐப்பசியில் யானை எடுத்துவிட்டது.
சுவர் நின்ற இடத்தில் சேம்பு தழைத்திருக்கிறது.
யானைக்குச் சமவாய்ப்பு அட்டவணை தெரியாது,
அரிசி வாசம் தெரியும்.
'வசதிக்கேற்ற தேர்வு' என்று நோட்டில் எழுதி
உடனே அடித்தேன்.

இருபத்தைந்து பூட்டு.
மறுநாளும் பூட்டு.
மூன்றாம் தடவை திரும்புகையில் கணுக்காலில் அட்டை.
அதுவும் என்னைப் பட்டியல் பார்த்துப் பிடிக்கவில்லை.

முப்பத்திரண்டில் மரியபாக்கியம்
ஆறாவது கேள்வியில் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.
"என்னை ஏன் கேக்குறீங்க?
சண்டை போடவே எனக்கு நாலு பேர் இருக்கு.
பக்கத்து வீட்டுல கேளுங்க.
ராத்திரி பூரா லைட்டு எரியுது.
போன்ல யார்கிட்டயோ... என்ன பாஷையோ."

முப்பத்து மூன்று, என் தாளில் 'காலி'.
வாக்காளர் பட்டியல்படி ஆளில்லாத அந்த வாசலில்
நீலத் தார்ப்பாயைத் தலைக்குப் போட்டுக்கொண்டு
ஒருத்தி நின்றாள்.
கீழ்ரோடு வரை பின்னால் வந்தாள்.
பூல்மணி. ராஞ்சிக்கும் அப்பால்.
கொழுந்து நிறுக்கிற அளவுக்குத் தமிழ்.
"என் பேர் எப்போ வரும்?"
இது ரேஷன் இல்லை, வீடு இல்லை, பணம் இல்லை,
வெறும் கேள்வி என்றேன்.
"கேள்வி குடு" என்றாள்.

மழை.
பஸ் நிழற்குடையின் தகரத்துக்கு மேலாகக் கத்தி
இருபதையும் கேட்டேன்.
ஒன்றிலிருந்து ஐந்து அவளுக்குப் பிடிபடவில்லை.
எடையில் சொன்னாள்.
பேச யாருமில்லை என்று தோன்றுகிறதா?
"முப்பது கிலோ."
உங்களைப் புரிந்தவர் இருக்கிறார்களா?
"ரெண்டு கிலோ. போன்ல சார்ஜ் இருந்தா."
படிவத்தின் பின்பக்கம் நனைய நனைய எழுதினேன்.
பதினாலாவது கேள்வியைக் கேட்டதும்
"உனக்கு?" என்றாள்.
பஸ் வந்துவிட்டது.

இப்போது கணினிக்கு எண்களை ஊட்டுகிறேன்.
கிடைக்காத வீட்டுக்குக் காரணக் குறி வேண்டும்.
பூட்டுக்கு ஒன்று, மறுப்புக்கு இரண்டு, சாவுக்கு மூன்று.
யானை 'மற்றவை'யில் சேரும். ஒன்பது.
மாதிரி சுத்தமாக வந்திருக்கிறது என்றார் பேராசிரியர்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
முப்பத்து மூன்றுக்குக் குறி தேவையில்லை.
அங்கே யாருமில்லை.
இல்லாதவளிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை.